துருப்பிடித்தால் இரும்பின் எடை கூடுமா, குறையுமா? வீடு கட்டுபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல் கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு வீட்டு வேலை பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணைப் பணம் வந்தால்தான் தளம் போட முடியும். வாங்கிவைத்த கம்பி திறந்தவெளியில் மழையில் நனைந்து, செம்பழுப்பு நிறத்துக்கு மாறிவிட்டது.

"கம்பி தேஞ்சுபோச்சு" என்கிறார் கொத்தனார். வீட்டுக்காரருக்குச் சந்தேகம். ஒரு மீட்டர் துண்டை வெட்டி எடைபோட்டுப் பார்க்கிறார். எடை குறையவில்லை. புதுக் கம்பியைவிடக் கூடுதலாகவே காட்டுகிறது!

அப்படின்னா கம்பி நல்லாத்தான் இருக்கா? இல்லை. தராசும் பொய் சொல்லவில்லை, கொத்தனாரும் தவறாகச் சொல்லவில்லை. கூடியது ஆக்சிஜனின் எடை. குறைந்தது இரும்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கே போதும்.

எரிந்தால் எடை குறையும்தானே?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். காரணம், அடுப்பில் தினமும் பார்ப்பது விறகு எரிவதை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-ல். அந்தப் பட்டறைகளில் விழும் மரச் சீவலை அடுப்பில் போட்டால் கடைசியில் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல்தான்.

உண்மையில் விறகும் எரியும்போது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அப்போது உருவாகும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வாயுக்கள். அவை காற்றோடு போய்விடுகின்றன. அதனால் எடை குறைந்ததுபோலத் தெரிகிறது.

உலோகத்தின் கதை வேறு. இரும்பு, மெக்னீசியம், அலுமினியம் போன்றவை ஆக்சிஜனோடு சேரும்போது உருவாகும் ஆக்சைடு ஒரு திடப்பொருள். அது பறந்துபோகாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் எடை கூடுகிறது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் தராசில் வைத்துக் கொளுத்தினால், எரிந்து முடிந்தபின் தட்டு கீழே இறங்கும்.

இதை முதலில் நிரூபித்தது யார்?

உலோகத்தைக் காற்றில் சூடாக்கினால் எடை கூடுகிறது என்பது லவாய்சியருக்கு முன்பே தெரிந்த விஷயம். ஏன் கூடுகிறது என்பதில்தான் குழப்பம். எரியும் பொருளிலிருந்து 'ஃபுளோஜிஸ்டன்' என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்று 18-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் நம்பினார்கள். ஒன்று வெளியேறினால் எடை குறையத்தானே வேண்டும்? கூடுவது எப்படி?

1774-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர், வெள்ளீயத்தை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டு வாயை மூடி முத்திரையிட்டுச் சூடாக்கினார். உள்ளே உலோகம் சாம்பல் போன்ற ஆக்சைடாக மாறியது. ஆனால் மூடிய குடுவையின் மொத்த எடை மாறவே இல்லை. குடுவையைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் எடை கூடியது.

உள்ளே இருந்த காற்றின் ஒரு பகுதி உலோகத்தோடு சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. எதுவும் புதிதாகத் தோன்றவில்லை, எதுவும் அழியவும் இல்லை. பொருண்மை அழியா விதி என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான்.

கணக்கு போடுவது எப்படி?

சிம்பிளாகச் சொன்னால் ஒரே ஒரு சமன்பாடு போதும்:

உலோகத்தின் நிறை + சேர்ந்த ஆக்சிஜனின் நிறை = ஆக்சைடின் நிறை

எவ்வளவு ஆக்சிஜன் சேரும் என்பதை அணு நிறை சொல்லிவிடும். ஆக்சிஜனின் அணு நிறை 16, மெக்னீசியம் 24, அலுமினியம் 27, இரும்பு 56 என்று வைத்துக்கொள்ளலாம்.

மெக்னீசியம்: ஓர் அணு, ஓர் ஆக்சிஜன் அணுவோடு சேர்கிறது. 24 கிராம் மெக்னீசியத்துக்கு 16 கிராம் ஆக்சிஜன். கிடைப்பது 40 கிராம் ஆக்சைடு.

அலுமினியம்: இரண்டு அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள். 54 கிராம் அலுமினியத்துக்கு 48 கிராம் ஆக்சிஜன். கிடைப்பது 102 கிராம்.

இரும்பு: இதுவும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் சேரும்போது, 112 கிராம் இரும்புக்கு 48 கிராம் ஆக்சிஜன். கிடைப்பது 160 கிராம்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். ஆய்வகத்தில் மாணவர்கள் செய்வது அதைத்தான். ஓர் உதாரணம்:

மூடியுடன் காலி புடக்குகையின் நிறை 25.00 கிராம். மெக்னீசியம் நாடாவைப் போட்டபின் 25.48 கிராம். எரித்து முடித்து ஆறியபின் 25.80 கிராம்.

மெக்னீசியத்தின் நிறை: 25.48 - 25.00 = 0.48 கிராம்
சேர்ந்த ஆக்சிஜன்: 25.80 - 25.48 = 0.32 கிராம்

இப்போது இரண்டையும் மோலாக மாற்ற வேண்டும். 0.48 ÷ 24 = 0.02. 0.32 ÷ 16 = 0.02. இரண்டும் சமம். ஆக, ஓர் அணு மெக்னீசியத்துக்கு ஓர் அணு ஆக்சிஜன் என்பது தராசை வைத்தே தெரிந்துவிட்டது.

மாணவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் காற்றில் இரண்டிரண்டு அணுக்களாக இருப்பதால், வாயுவாகக் கணக்கிடும்போது 32 என்று எடுக்க வேண்டும். ஆக்சைடுக்குள் எத்தனை ஆக்சிஜன் அணு இருக்கிறது என்று கேட்டால் 16-ஆல்தான் வகுக்க வேண்டும். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு வகுத்தால் மதிப்பெண் போகாது.

ஆய்வகத்தில் விடை ஏன் சரியாக வருவதில்லை?

பெரும்பாலும் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வரும். முதல் காரணம், மூடியைத் திறக்கும்போது வெளியேறும் வெள்ளைப் புகை. அது புகை இல்லை, மெக்னீசியம் ஆக்சைடின் நுண்துகள்கள்தான். அது போனால் எடையும் போகிறது.

இரண்டாவது, நாடாவின் உள்பகுதி எரியாமல் நின்றுவிடலாம். மூன்றாவது, மெக்னீசியம் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனோடும் கொஞ்சம் சேர்ந்துவிடும். அதனால்தான் மூடியை அவ்வப்போது லேசாகத் தூக்கிக் காற்று விட்டு, எடை மாறாத நிலை வரும்வரை மறுபடி மறுபடி சூடாக்கி நிறுக்கச் சொல்கிறார்கள்.

இரும்புக்கு மட்டும் ஏன் பல விடைகள்?

இரும்பு ஒரே மாதிரி ஆக்சைடாவதில்லை. எந்த ஆக்சைடு உருவாகிறது என்பதைப் பொறுத்து எடை மாறும்.

ஹேமடைட் வகை (2 இரும்பு, 3 ஆக்சிஜன்): 1 கிலோ இரும்பு 1.43 கிலோ ஆகும்.

மேக்னடைட் வகை (3 இரும்பு, 4 ஆக்சிஜன்): 1 கிலோ இரும்பு 1.38 கிலோ ஆகும்.

சாதாரணத் துரு: இதில் ஆக்சிஜனோடு தண்ணீரும் சேர்ந்திருக்கும். 112 பங்கு இரும்பு, 48 பங்கு ஆக்சிஜன், 18 பங்கு நீர் என்று எடுத்தால் மொத்தம் 178. அதாவது 1 கிலோ இரும்பு 1.59 கிலோ துருவாகும்.

துருவில் தண்ணீரின் அளவு இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் தோராயக் கணக்குக்கு இது போதும். ஒரு கிலோ துருவில் இருக்கும் இரும்பு சுமார் 630 கிராம்தான், மீதி காற்றும் தண்ணீரும்.

மலையில் இருக்கும் இரும்பும் ஆக்சைடுதான்

கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலத்தை அடுத்த கஞ்சமலை மேக்னடைட் தாதுவுக்குப் பெயர்பெற்றது. மேக்னடைட் என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு. அதிலிருந்து இரும்பை எடுப்பது என்றால், சேர்ந்த ஆக்சிஜனைப் பிரிப்பது. எடை கூடும் கணக்கு இங்கே தலைகீழாகிறது.

100 கிலோ சுத்தமான மேக்னடைட்டில் 72.4 கிலோ இரும்பு, 27.6 கிலோ ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனைப் பிடித்து வெளியேற்றுவது கரி. ஆக்சிஜன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது என்று வைத்தால், குறைந்தது 10.3 கிலோ கார்பன் வேண்டும். வெளியேறும் வாயு 37.9 கிலோ. உள்ளே போனது 110.3 கிலோ. வெளியே வந்தது 72.4 கிலோ இரும்பும் 37.9 கிலோ வாயுவும். கூட்டிப் பார்த்தால் சரியாக வரும்.

ஆனால் இது காகிதக் கணக்கு. தாதுவில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். பாறையில் பாதிதான் மேக்னடைட் என்றால், 100 கிலோ பாறையிலிருந்து அதிகபட்சம் 36 கிலோ இரும்புதான் வரும். உலையைச் சூடாக்கவும் கரியே எரிய வேண்டும் என்பதால், கரியின் தேவை பல மடங்கு கூடும்.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பரங்கிப்பேட்டை சாட்சி. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-களில் அங்கே இரும்பு ஆலை நடத்தினார். சேலம் பகுதித் தாதுவைக் கொண்டுபோய் மரக்கரியில் உருக்கினார்கள். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் நீரை வாங்கிக்கொள்ளும் வெள்ளாறு கடலில் கலப்பதும் அதே பரங்கிப்பேட்டையில்தான். தாதுவுக்குப் பஞ்சமில்லை. ஆலைக்குச் சிக்கலாக வந்தவற்றில் முக்கியமானது மரக்கரி. காடுகள் தீரத் தீர கரிக்கான செலவு ஏறியது. ஆலை நிலைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இரும்பு இதைவிட மிகப் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. 2025 ஜனவரி 23 அன்று வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அதைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. இப்படித் தோண்டி எடுக்கப்படும் பழைய இரும்புக் கருவிகளில் உலோகத்தைவிடத் துருவே அதிகமாக இருப்பது சகஜம். கைக்குக் கனமாகத் தெரிந்தாலும், அந்தக் கனத்தில் ஒரு பங்கு பின்னால் வந்து சேர்ந்த ஆக்சிஜனும் நீரும்தான். உலையில் கஷ்டப்பட்டுப் பிரித்த ஆக்சிஜனை மண் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இப்போது கம்பிக்கு வருவோம்

கம்பியின் எடையைக் கணக்கிட ஒரு சூத்திரம் கட்டுமானத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. விட்டத்தை (மி.மீ) அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும்.

12 மி.மீ கம்பிக்கு: 12 × 12 = 144. 144 ÷ 162 = 0.889. அதாவது மீட்டருக்கு 889 கிராம்.

துரு சுற்றிலும் அரை மி.மீ ஆழம் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மிஞ்சும் இரும்பின் விட்டம் 11 மி.மீ.

11 × 11 = 121. 121 ÷ 162 = 0.747. மிஞ்சிய இரும்பு 747 கிராம்.
போன இரும்பு: 889 - 747 = 142 கிராம்.
அந்த இரும்பு மாறிய துரு: 142 × 1.59 = சுமார் 226 கிராம்.
துருவோடு கம்பியின் எடை: 747 + 226 = 973 கிராம்.

பார்த்தீர்களா? தராசு 84 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. ஆனால் சுமை தாங்கும் இரும்பு 16 சதவீதம் குறைந்துவிட்டது. 12 மி.மீ கம்பிக்குப் பணம் கொடுத்துவிட்டு, 11 மி.மீ கம்பியைத் தளத்தில் போடுவதற்குச் சமம் இது.

இது துரு ஒரு துளிகூட உதிரவில்லை என்ற கணக்கு. நிஜத்தில் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் மழையில் கரைந்து ஓடும். அதனால் தராசில் எடை கூடலாம், குறையலாம், மாறாமலும் இருக்கலாம். துருவோடு நிறுத்தால் எதுவுமே தெரியாது என்பதுதான் விஷயம்.

கான்கிரீட்டுக்குள் போனால் என்ன ஆகும்?

எடை மட்டுமல்ல, துரு அடைக்கும் இடமும் கூடும். போன இரும்பு பிடித்திருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை துருவுக்கு இடம் தேவைப்படும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் கிடையாது. உள்ளிருந்து தள்ளும். முதலில் கம்பி ஓடும் வழியில் நேர்கோடாக விரிசல் விழும், பிறகு பூச்சு பெயர்ந்து விழும். பழைய கட்டடங்களின் சன்ஷேடுக்கு அடியில் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

'கலைஞரின் கனவு இல்லம்' போன்ற திட்டங்களில் ஒரு வீட்டுக்கு அரசு தருவது 3.5 லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் கட்டும் குடும்பத்துக்குத் தளத்தை இடித்து மறுபடி போடுவது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

எல்லா உலோகமும் இப்படியா?

இல்லை. அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்கிறது, எடையும் கூடுகிறது. ஆனால் அந்த ஆக்சைடு படலம் மெல்லியது, இறுக்கமானது. காற்றை மேற்கொண்டு உள்ளே விடாது. அதனால் கூடும் எடை வீட்டுத் தராசில் தெரியாத அளவுக்குச் சிறியது. சேலம் உருக்காலையில் தயாராகும் எவர்சில்வரில் இதே காவல் வேலையைக் குரோமியம் ஆக்சைடு செய்கிறது. கூரைத் தகரத்துக்கு அந்தப் பாதுகாப்பு துத்தநாகப் பூச்சு. அது தேய்ந்த இடத்தில் துரு தொடங்கிவிடும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்று ஓர் ஊர் உண்டு. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் துருதானா என்று கேட்டால், இல்லை. வெள்ளி கறுப்பது பெரும்பாலும் ஆக்சிஜனால் அல்ல, காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால்.

கம்பியைச் சோதிப்பது எப்படி?

1. துருவேறிய கம்பியிலிருந்து சரியாக ஒரு மீட்டர் துண்டை வெட்டி எடுக்கவும்.

2. வயர் பிரஷ்ஷால் துருவை முழுவதும் தேய்த்து எடுக்கவும். உதிர்ந்த தூளைத் தராசில் சேர்க்கக் கூடாது.

3. கிராம் காட்டும் தராசில் நிறுக்கவும். வர வேண்டிய எடை: 8 மி.மீ கம்பிக்கு 395 கிராம், 10 மி.மீ-க்கு 617, 12 மி.மீ-க்கு 889, 16 மி.மீ-க்கு 1,580.

4. குறைவு எத்தனை சதவீதம் என்று பார்க்கவும். ஐ.எஸ். 1786 தரநிலைப்படி 12 மி.மீ கம்பி மொத்த லாட்டில் 5 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். அதைத் தாண்டிக் குறைந்தால் பொறியாளரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

5. ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் சராசரி எடையை நம்ப வேண்டாம். குழி விழுந்த இடத்தில்தான் கம்பி முதலில் விட்டுக்கொடுக்கும்.

விரலால் தேய்த்தால் லேசாக நிறம் ஒட்டும் மேல்துருவுக்குப் பயப்படத் தேவையில்லை. செதில் செதிலாக உதிரும் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் கான்கிரீட் போட வேண்டும். வேலை தள்ளிப்போகும் என்று தெரிந்தால், கம்பியைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவைக்கலாம். துருவுக்கு ஆக்சிஜனும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். காற்றைத் தடுக்க முடியாது, தண்ணீரைத் தடுக்கலாம்.

பழைய இரும்புக் கடையிலும் இதே கணக்குதான். 100 கிலோ சரக்கில் 10 கிலோ துரு என்றால், உலோகமாக இருப்பது 90 கிலோ. துருவுக்குள் இன்னும் 6.3 கிலோ இரும்பு இருக்கிறது. ஆனால் அதை எடுக்க மறுபடியும் உலையும் கரியும் வேண்டும். துருவேறிய சரக்குக்கு விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.